உடல் உரைக்கும் உண்மை

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. அழகு மட்டுமன்று, அகத்தின் துன்பமும் முகத்தில் தெரியும். கையிலும் தெரியும்; வயிற்றிலும் தெரியும். இதனை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

தேர்வு நாள் காலை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "அம்மா, வயிறு வலிக்கிறது" என்கிறான். பசியாறவும் மறுக்கிறான். நேற்று மாலை வரை பந்து விளையாடியவன் அவன். "பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறான்" என்று தந்தையார் சினங்கொள்கிறார். அவன் உண்மையில் நடிக்கிறானா? விடை காண உடலின் இயல்பை அறிதல் வேண்டும்.

மலையடிவாரத்தில் வாழும் நாம் கொடிமலையை நோக்கி நடந்து ஏறினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு விரையும், வியர்வை பெருகும். கால்கள் உழைப்பதால் இதயமும் விரைந்து உழைக்கிறது. இதில் வியப்பில்லை. ஆனால், பேச்சுப் போட்டி மேடையில் அசையாமல் நிற்கும் மாணவிக்கும் இவையே நிகழ்கின்றனவே! அவள் எந்த மலையை ஏறினாள்?

அவளுடைய மூளை, ஏதோ இடர் வந்துவிட்டதாகக் கருதுகிறது. உடனே நரம்புகளின் வழியாகச் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி செல்கிறது. அவை அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உதவும் பொருட்டுத் தசைகளுக்கு மிகுதியான குருதி செல்கிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் செல்லும் குருதி குறைகிறது. அதனால் விரல்கள் சில்லிடுகின்றன. உமிழ்நீர் குறைந்து நா வறள்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. காட்டில் புலியைக் கண்ட மனிதனை இந்த ஏற்பாடு காத்தது. வினாத்தாளைக் கண்டு அஞ்சும்போதும் உடல் இதையேதான் செய்கிறது.

வயிற்றுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் கண்டறிந்த வரலாறு சுவையானது. எக்ஸ் கதிர்கள் 1895ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், மருத்துவ மாணவராக இருந்த கேனன், உணவுண்ட பூனையின் இரைப்பை அசைவதை அக்கதிர்களின் துணையால் கண்டார். பூனை கலக்கமுற்றுத் திமிறியபோது இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. அதனை அன்புடன் தடவிக் கொடுத்தபோது அது அமைதியடைந்தது. அசைவும் மீண்டும் தொடங்கியது. அச்சமும் சினமும் உடலில் விளைவிக்கும் மாற்றங்களைப் பற்றி 1915ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலே வெளியிட்டார். ஆகவே, அம்மாணவனின் வயிற்றுவலி நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. அச்சத்தால் வந்த வலியும் உண்மையான வலியே.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதலைத் தமிழர் 'மெய்ப்பாடு' என்றனர். மெய் என்றால் உடல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது கூறுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்தைத் தோற்றுவிக்கும் என்றும் கூறுகிறது. இறை என்றால் நம்மை ஆளும் மேலோர். விலங்குக்கு அஞ்சுவது போலவே மேலோருக்கும் மனிதன் அஞ்சுவான் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடல் 'அச்சம் உண்டு' என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. பண்டைய இந்தியாவில் திருடனைக் கண்டறிய, ஐயத்துக்குரியவரை அரிசி மெல்லச் செய்யும் வழக்கம் இருந்தது. குற்றவாளிக்கு நா வறளும், உடல் நடுங்கும். ஆனால், பழிக்கு அஞ்சும் நல்லவருக்கும் அவ்வாறே ஆகுமன்றோ? ஆதலால், பிள்ளையின் கை நடுங்குவதைக் கண்டதும் "தவறு செய்துவிட்டாய்" என்று தீர்ப்பளித்தல் முறையன்று. காரணத்தைக் கனிவுடன் கேட்டறிதலே முறை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் பிள்ளைகளின் அச்சங்கள் யாவும் அதனுடன் நீங்கிவிடவில்லை. நகம் கடித்தல், பசியின்மை, உறக்கத்தில் திடுக்கிடுதல், அடிக்கடி தலைவலி ஆகியவை சில வேளைகளில் மனத்துயரின் அறிகுறிகளாகலாம். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெரியோருக்கும் இது பொருந்தும். கடனும் கவலையும் நெடுநாள் நீடித்தால் கழுத்தும் தோளும் இறுகி வலிக்கும்; உறக்கம் கெடும். வேலைக் களைப்பு மட்டுமே காரணம் என்று இருந்துவிடலாகாது.

வலி நீடித்தால் முதலில் மருத்துவரை நாட வேண்டும். நோய் இருப்பின் அவர் கண்டறிவார். நோய் இல்லையென்றால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்த்தி, "எதை நினைத்துப் பயப்படுகிறாய், ஐயா?" என்று கேளுங்கள். மாணவர்களே! நெஞ்சு படபடக்கும்போது மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல வெளியே விடுங்கள். சிலமுறை செய்தால் படபடப்புத் தணியும். மனத்திலுள்ளதைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள்.

வாய் சொல்லத் தயங்குவதை உடல் சொல்லிவிடுகிறது. அதனைக் கேட்கும் செவியும், அன்புடன் தடவிக் கொடுக்கும் கையும் ஒவ்வோர் இல்லத்திலும் இருத்தல் வேண்டும்.