சுருண்ட இலை சொல்லும் செய்தி



எங்கள் பாடசாலை அலுவலக அறையின் சாளரத்தோரம் இரண்டு பியூஷியாத் தொட்டிகள் இருந்தன. எனக்கு முன் அதிபராய் இருந்தவர் ஓய்வுபெற்றுச் செல்லும்போது, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒப்படைத்துச் சென்றவை அவை. காதில் ஆடும் ஜிமிக்கியைப் போலச் சிவப்பும் ஊதாவுமாய்ப் பூக்கள் தொங்கும் அச்செடியை மலைநாட்டுப் பங்களாத் தோட்டங்களிலே உங்களிற் பலர் கண்டிருக்கக்கூடும். ஒரு நாள் அவற்றின் நுனியிலைகள் சுருளத் தொடங்கின. நீர் போதவில்லை என்று நானே முடிவு செய்தேன், காலையும் மாலையும் ஊற்றினேன், பசளையும் இட்டேன். மூன்று வாரத்தில் ஒரு செடி வேரழுகி மடிந்தது. அதனைக் கொன்றது நோயன்று. என் அவசர வைத்தியமே. எஞ்சிய செடி பிழைத்த வரலாற்றைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் செடியின் இயல்பை அறிவோம். பியூஷியா நம் மண்ணுக்கு உரியதன்று. அதன் இனங்களிற் பெரும்பாலானவை நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வளர்பவை. பிரெஞ்சுத் துறவியும் தாவரவியலாளருமான சார்ல்ஸ் புளூமியே என்பவர் 1703இல் வெளியிட்ட நூலில், ஜெர்மானிய மூலிகை அறிஞர் லியோன்ஹார்ட் பூக்ஸ் என்பாரின் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். குளிர்ச்சி, ஈரக்காற்று, இளநிழல் ஆகிய மூன்றையும் அது விரும்பும். நுவரெலியாவில் வெளியிலேயே செழிப்பது இதனாலேயே. கெஹெல்கமு ஓயாவை மறித்து நீர்மின்சாரத்திற்காக அணைகட்டிய எங்கள் நோட்டன் பிரிட்ஜ் பள்ளத்தாக்கோ நுவரெலியாவை விடத் தாழ்ந்தது. வெப்பமும் சற்றுக் கூடியது. பிற்பகல் வெயில் படும் கண்ணாடிச் சாளரத்தருகே வைத்தால் செடி வாடத்தானே செய்யும்?

ஆனால் வாட்டம் வேறு, முறுக்கம் வேறு. இவ்வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மையார். பெற்றோர் கூட்டத்திற்கு வந்திருந்த அவர், தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "சேர், இது தண்ணிக் குறையில்லைங்க. கவ்வாத்து மலையில புதுத் துளிர் இப்படித்தான் முறுக்கிக்கிட்டு வரும். இலையைத் திருப்பிப் பாருங்க" என்றார். அறிவியற் கூடத்திலிருந்து கைவில்லையை வருவித்துப் பார்த்தோம். வெறுங்கண்ணுக்குத் தூசியாகவும் தோன்றாத மஞ்சள் நிறச் சிற்றுயிர்கள் இலையின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தன.

தேயிலைத் தோட்டத்தார் மஞ்சள் சிற்றுண்ணி என்று அறிந்திருப்பது இதுவே. தேயிலைப் பூச்சிகளை ஆராய்ந்த எட்வேட் ஏர்னஸ்ட் கிறீன் என்பார் 1890ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தேயிலையில் இதனை விவரித்துள்ளார். இதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு. தேயிலை, மிளகாய், பருத்தி, எலுமிச்சை எனப் பலவகைச் செடிகளிலும் இது வாழும். வெள்ளை ஈக்களின் காலைப் பற்றிக்கொண்டு செடிக்குச் செடி பயணம் செய்யவும் வல்லது. இளந்துளிரின் சாற்றை உறிஞ்சும்போது இதன் உமிழ்நீர் இலையின் வளர்ச்சியைக் குலைக்கிறது. அதனாலேயே இலை முறுகிக் கடினமாகிறது.

எனினும், சுருண்ட இலை யாவும் சிற்றுண்ணியின் வேலை என்று கொள்ளுதல் மற்றோர் அவசரமாகும். ஆகவே செடியிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: எந்த இலை சுருண்டது? செடி முழுவதும் ஒருங்கே துவண்டால் வெப்பத்தையோ வேரையோ ஐயுறுக. நுனித்துளிர் மட்டும் உருக்குலைந்தால் உறிஞ்சும் உயிர்களைத் தேடுக.

இரண்டாம் கேள்வி: எத்திசையில் சுருண்டது? மிளகாய் பயிரிடுவோர் இதனை நன்கறிவர். விளிம்புகள் மேல்நோக்கி வளைந்து தோணிபோல் ஆனால் பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை; இலையில் வெள்ளிக் கீற்றுகளும் கரும்புள்ளிகளும் காணப்படும். கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த தோணிபோல் ஆனால் பெரும்பாலும் மஞ்சள் சிற்றுண்ணி.

மூன்றாம் கேள்வி: இலையடியில் என்ன உள்ளது? பச்சையாகவோ கருமையாகவோ கூட்டங்கூடி, பிசுபிசுப்பான தேன்நீரைச் சுரந்து, எறும்புகளை அழைப்பது அழுக்கணவன். இதனைக் காணக் கைவில்லையும் வேண்டியதில்லை.

நான்காம் கேள்வி: மண் எப்படியுள்ளது? விரலை ஓரங்குலம் புதைத்துப் பாருங்கள். மண் உலர்ந்திருக்க இலை துவண்டால் நீர் வேண்டும். மண் ஈரமாயிருந்தும் இலை துவண்டால் வேர் அழுகுகிறது. அப்போது ஊற்றும் ஒவ்வொரு குவளை நீரும் நஞ்சாகும். நான் கேட்கத் தவறியது இக்கேள்வியையே. களைகொல்லி கலந்த வாளியைக் கழுவாது அதிலேயே நீர் வார்த்தாலும் இலை முறுகும் என்பதையும் மறவாதீர்கள்.

இனி, மருந்து. உருக்குலைந்த நுனிகளைக் கிள்ளிப் பையிலிட்டுக் கட்டி அகற்றுக. குப்பைக் குழியில் இடவேண்டாம். செடியை ஏனைய தொட்டிகளிலிருந்து பிரித்து வையுங்கள். அழுக்கணவனுக்கு நீரைப் பீய்ச்சிக் கழுவுதலும், மென்மையான சவர்க்கார நீரை இலையடியில் தெளித்தலும் பெரும்பாலும் போதும். துணி வெளுக்கும் தூள் இலையைக் கருக்கிவிடும். சிற்றுண்ணிக்குக் கந்தகக் கலவை பயன்படும். வெயிலற்ற மாலையில், முதலில் ஓரிலையில் தெளித்துப் பார்த்த பின்னரே செடி முழுவதற்கும் இடவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பியூஷியாவையே தாக்கும் வேறொரு சிற்றுண்ணி தென் அமெரிக்காவிலிருந்து 1981இல் கலிபோர்னியாவுக்கும், பின்னர் 2003இல் பிரான்சுக்கும் பரவியது. அது துளிரைச் சிவந்து வீங்கிய கட்டியாக்கிவிடும். ஆதலால் வெளிநாடு சென்றுவரும் உறவினரிடம் அழகிய கிளையொன்றைப் பையில் மறைத்துவரச் சொல்லாதீர்கள்.

எங்கள் செடியின் நுனிகளைக் கிள்ளிக் கந்தகம் இட்டோம். பல நாள் வரை பயன் தெரியவில்லை. முன்பு முறுகிய இலைகள் முறுகியபடியே நின்றன. மீண்டும் மருந்தை மாற்றலாமா என்று என் கை பரபரத்தது. ஆனால் ஒருமுறை குலைந்த இலை நிமிர்வதில்லை என்பதை அதன்பின் அறிந்தேன். மருந்து பலித்ததா என்பதற்குப் பழைய இலை சாட்சியன்று; புதுத்துளிரே சாட்சி. ஐந்தாம் வாரத்தில் நுனியில் இரண்டு இலைகள் நேராக விரிந்தன. அன்று அந்த அம்மையாரின் மகளை அழைத்து, "அம்மாவிடம் போய்ச் சொல்" என்று காட்டினேன். அவள் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து இலையின் அடிப்புறத்தையே முதலில் பார்த்தாள்.