அச்சிட்ட உதிரிப் பாகமும் சட்டப் பொறுப்பும்

வட சென்னையில் திருவொற்றியூரும் எண்ணூரும் யந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 1955-ஆம் ஆண்டு தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள் உருவாயின. இத்தகைய ஆலைகளில் செய்த பாகம் பழுதுபட்டால், செய்தவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. முப்பரிமாண அச்சு முறையிலோ அவ்வளவு தெளிவு இல்லை.

இம்முறையில் கணினியில் வரைந்த படத்தைப் பின்பற்றி, யந்திரம் பிளாஸ்டிக்கையோ உலோகப் பொடியையோ உருக்கி, படலத்தின்மேல் படலமாக இட்டுப் பொருளை உருவாக்குகிறது. இவ்வாறு ஒரே துண்டாகச் செய்த எஞ்சினைக் கொண்டு, சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் 30-5-2024 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. கடையில் கிடைக்காத பழைய உதிரிப் பாகத்தையும் சிறு பட்டறையிலேயே இம்முறையில் செய்துகொள்ளலாம்.

கதிரடிக்கும் யந்திரத்திற்கு விவசாயி ஒருவர் அச்சிட்ட புல்லியை வாங்கிப் பொருத்துகிறார் எனக் கொள்வோம். ஓடும்போது அது உடைந்து அவர் கை முறிகிறது. படம் வரைந்தவர், அச்சிட்டவர், விற்றவர் ஆகியோருள் யார் பொறுப்பு?

இதற்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. எனினும் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவுகிறது. பாகத்தைச் செய்பவர் மட்டுமன்றி, விற்பனைக்கு முன் அதை வடிவமைப்பவரும் அச்சட்டப்படி உற்பத்தியாளரே. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்து தீங்கு நேர்ந்தால் அவரிடம் நஷ்ட ஈடு கோரலாம். உற்பத்தியாளர் இன்னார் எனத் தெரியாவிடில், விற்றவரே பொறுப்பேற்க நேரும்.

ஆயினும் இடைவெளிகள் உண்டு. திட, திரவ, வாயு நிலையில் உள்ள பொருளையே சட்டம் குறிப்பிடுகிறது. கணினிப் படம் இவற்றுள் அடங்குமா என்பது விவாதத்திற்குரியது. வியாபாரத்திற்கன்றி, நட்பு முறையில் அச்சிட்டுத் தந்த பாகம் இச்சட்டத்தின் வரம்பிற்குள் வாராது. வாங்கிய பாகத்தை நாமே மாற்றியமைத்திருந்தால், விற்றவர்மீது இவ்வகை வழக்குச் செல்லாது. மேலும், காப்புரிமை அல்லது பதிவு பெற்ற வடிவத்தை அனுமதியின்றி அச்சிட்டு விற்போர், 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திற்கும் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்திற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆகையால் அச்சிட்ட பாகம் வாங்குவோர் ரசீது கேட்டுப் பெறுதல் அவசியம். அச்சிட்டவர் பெயர், மூலப்பொருள், படம் கிடைத்த இடம் ஆகியவை அதில் இருக்கட்டும். உடைந்த துண்டை எறிந்துவிடலாகாது, அதுவே சாட்சி. இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. இச்செய்தியைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபையில் எடுத்துரைத்தால், புதிய யந்திரத்தின் நன்மையைக் குடியானவர்கள் அச்சமின்றிப் பெறுவர்.