குளிர்ந்த அறை, காயாத காற்று

போன கார்த்திகையில் அம்மா தன் அலுமாரியைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. கூறைச் சேலையின் மடிப்பு நெடுக மிளகைத் தூவிவிட்டது போல கருஞ்சாம்பல் புள்ளிகள். பூஞ்சணம். கூரை ஒழுகவில்லை, குழாயும் வெடிக்கவில்லை. அலுமாரியின் பின்பலகையைத் தடவினேன், விரல் நனைந்தது.

அம்மாவின் அறையில் ஏசி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தம்பியின் அறையில்தான் இருக்கிறது. அவனுடைய மகள் யன்னலை இறுக்கப் பூட்டி, 18 பாகையில் வைத்துவிட்டுப் படுப்பாள். இரவில் இருமல், விடிந்தால் அடுக்குத் தும்மல். "ஏசி போட்டும் மெத்தை நனைஞ்ச மாதிரிக் கிடக்கு, மாமி" என்று அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். சேலையைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது.

காற்றுக்குள் இருக்கும் தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான அச்சுவேலிக்கு வடக்கே வளலாய்க் கடல், கிழக்கே தொண்டைமானாற்று நீரேரி. வாடை பிடித்து மழை தொடங்கினால் கிணறுகளில் நீர் மட்டம் ஏறும், பழைய சுவர்களின் அடியில் உப்புப் பூக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த சாரீரப்பதன் என்ற சொல்லை நாங்கள் தோலிலேயே உணருகிற காலம் அது.

30 பாகை வெப்பமும் 75 சதவீத சாரீரப்பதனும் உள்ள காற்றில் ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 24 பாகைக்குக் குளிராக்கினால் அது தாங்கக்கூடியது 22 கிராம் அளவுதான். மிச்சம் எங்காவது தண்ணீராக இறங்கியே தீரும். ஏசிக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் இறங்கினால் வடிகுழாயால் வெளியே போய்விடும். சுவரில் இறங்கினால் பூஞ்சணத்துக்கு விருந்து.

அம்மாவின் அறையில் நடந்தது இந்த இரண்டாவது வகை. அப்படிப்பட்ட காற்றின் பனிபடுநிலை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகை அளவில் நிற்கும். தம்பியின் அறையை 18இல் வைத்தால் இடைச்சுவர் அந்த 25 பாகைக்கும் கீழே குளிர்ந்துவிடும். அம்மாவின் அறைக்குள் உலாவுகிற ஈரக்காற்று அந்தச் சுவரில் பட்டதும், ஐஸ் தண்ணீர்ப் போத்தல் வேர்ப்பது போலச் சுவரும் வேர்க்கிறது. அலுமாரி ஒட்டி நிற்பதால் அந்த ஈரம் காய வழியில்லை.

அச்சுக்கூடத்துக்காகப் பிறந்த இயந்திரம்

ஏசி மனிதருக்குக் குளிரூட்டப் பிறந்ததல்ல. 1902இல் நியூயோர்க் புறூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கரியர் என்ற 25 வயதுப் பொறியியலாளர் இந்த முறையை வகுத்தார். அச்சுவேலிக்காரருக்கு அந்தத் தாளின் பாடு விளங்கும். வரலாற்றாய்வாளர் சுவாமி ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928இல் அச்சானது இவ்வூர் ஞானப்பிரகாச யந்திரசாலையில். ஈரத்தை இறக்கப் பிறந்த இயந்திரத்தை நாங்கள் குளிருக்காக மட்டும் வாங்குகிறோம். பிசகு அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய ஏசி வாங்கிய பிழை

தம்பியின் அறை 10க்கு 12 அடி. பொருத்த வந்தவர்கள் 18,000 பி.ரி.யு. இயந்திரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். "பெரிசெண்டால் கெதியாக் குளிரும்" என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். கெதியாகக் குளிர்ந்தது உண்மைதான். ஆனால் குளிர்ந்ததும் கொம்பிறசர் நின்றுவிடும். காற்றிலிருந்து ஈரம் இறங்க, சுருள் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கவேண்டும். கொம்பிறசர் நின்றபிறகும் உள்விசிறி சுற்றுவதால், சுருளில் வடியாமல் ஒட்டியிருந்த நீர் திரும்பவும் அறைக்குள்ளேயே ஆவியாகிறது. இந்த அளவு அறைக்கு 9,000 போதும். கடும் வெயில் படுகிற கொங்கிறீற் கூரையென்றால் 12,000.

மழைநாளில் இது இன்னும் மோசம். வெளியே 25 பாகை இருக்கும்போது ஏசியை 24இல் வைத்தால் அதற்கு வேலையே இல்லை. நாங்களோ புழுங்குகிறது என்று 20க்கும் 18க்கும் இறக்குகிறோம். அறை நடுங்குகிறது, சுவர் வேர்க்கிறது, பிசுபிசுப்பு அப்படியே கிடக்கிறது.

உடம்பு சொல்வது

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் என்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு முதலிய மூச்சுக்குழாய்க் கோளாறுகள் கூடுதலாக வருகின்றன என்பதும், தொய்வு உள்ளவர்களுக்கு அது கடுமையாகிறது என்பதும் அதன் சாரம். பூஞ்சண வித்துக்கள் ஒரு காரணம். மெத்தையிலும் தலையணையிலும் வாழுகிற, கண்ணுக்குத் தெரியாத தூசுச் சிற்றுண்ணிகள் இன்னொன்று. அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சுகின்றன. சாரீரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அவற்றால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் 50 என்பது எட்டாக் கனி. 60க்குக் கீழே கொண்டுவந்தாலே பூஞ்சணம் அடங்கும்.

அறை நாறுகிறது என்று சாம்பிராணிப் புகை போடுவதும் வாசனை அடிப்பதும் தொய்வுக்காரருக்குக் கேடு. கைக்குழந்தையின் உடுப்புக்குள் நப்தலீன் உருண்டை வைக்கவே கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே உள்ள நொதியக் குறைபாட்டால், நப்தலீன் இரத்தச் செங்கலங்களைச் சிதைத்துவிடும்.

இரவில் இழுப்பு வருகிறதா, இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கிறதா, படியேறினால் மூச்சு முட்டுகிறதா, வைத்தியரிடம் போங்கள். வீட்டு ஈரத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். அறை காய்ந்துவிட்டது என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

நாங்கள் மாற்றியவை

முதலில் ஒரு சின்ன ஈரமானி வாங்கி மேசையில் வைத்தோம். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் அது 78 காட்டியது. தம்பிக்கு நம்பவே முடியவில்லை.

பிறகு காரணங்களைத் தேடினோம். மழையில் காயாத உடுப்பை அறைக்குள் கொடி கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாளி பிழிந்த உடுப்பில் ஒன்றரை, இரண்டு லீற்றர் தண்ணீர் இருக்கும், அவ்வளவும் காற்றுக்குத்தான் போகும். கொடி விறாந்தைக்குப் போனது. குளியலறைக் கதவு இரவெல்லாம் திறந்தே கிடந்தது, இப்போது சாத்துகிறோம். யன்னல் இடுக்குகளுக்கு றப்பர்ப் பட்டி ஒட்டினோம். பகலில் ஏசி ஓடும்போது 'காற்று வரட்டும்' என்று யன்னலை நீக்கிவைக்கிற பழக்கத்தையும் விட்டோம். வருவது காற்று மட்டுமல்ல, கடலும்தான்.

பல றிமோட்டுகளில் நீர்த்துளிப் படத்தோடு ஒரு தெரிவு இருக்கும். அதுதான் 'ட்ரை' முறை. விசிறியை மெதுவாக்கி ஈரத்தை இறக்குவதற்கென்றே உள்ளது. மழை இரவுகளில் அதைப் போடுகிறோம். வெயில் நாளில் 26 பாகையும் கூரை விசிறியும். ஈரம் குறைந்த 26 பாகை, ஈரமான 20 பாகையை விட உடம்புக்கு இதம் என்பதைத் தம்பியின் மகளே இரண்டாம் இரவில் சொல்லிவிட்டாள். ஈரமானி அன்று 59.

பில்டரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவி நிழலில் காயவைக்கிறோம். காலையில் ஏசியை நிறுத்தியதும் கதவைத் திறந்துவிட்டு, ஏசியின் விசிறியை மட்டும் கால் மணிநேரம் ஓடவிட்டால் சுருள் காயும். அறையில் அடித்த ஊத்தைச் சாக்கு வாடை போனது இதனால்தான்.

அம்மாவின் அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம். சுவரில் இருந்த பூஞ்சணத்தை, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டேன். காய்ந்தபடி தட்டுமாறால் தட்டினால் வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். குளோரின் பாவிப்பவர்கள் அதோடு வினாகிரியையோ கழிப்பறை அமிலத்தையோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு எழும். சேலை வெயிலில் காய்ந்து தப்பியது, கரையில் மட்டும் மங்கலாக ஒரு தடம்.

பூட்டிக் கிடக்கும் அறைகள்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்காக மேல்மாடியில் ஏசி பூட்டி, வருடத்தில் ஒரு மாதம் மட்டும் திறக்கிற அறைகள் இங்கே எத்தனையோ வீடுகளில் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வந்து இறங்கிய முதல் இரவே பேரப்பிள்ளைக்கு இழுப்பு என்றால், விமானப் பயணத்தைக் குறை சொல்லமுன் அறையைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஈரம் குடித்த சுருளிலிருந்து ஏசி முதலில் ஊதுவது வித்துக்களைத்தான். அவர்கள் வர ஒரு கிழமைக்கு முன்பே ஏசியைச் சுத்தம் செய்வித்து, மெத்தையை வெயிலில் போட்டு, நடுப்பகலில் யன்னல்களைத் திறந்து வையுங்கள். சாரீரப்பதன் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான்.

வடிகுழாயும் நுளம்பும்

ஏசி நன்றாக வேலை செய்தால் ஓர் இரவில் இரண்டு லீற்றருக்கு மேலும் தண்ணீர் வடியும். மழைநாளில் சொட்டே இல்லையென்றால் ஈரம் இறங்கவில்லை என்று பொருள். பலர் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவதும் இதே மாரி மாதங்களில்தான். தெளிந்த, தேங்கிய அந்த நீர் டெங்கு நுளம்புக்கு ஏற்ற இடம். எங்கள் வீட்டிலும் வாளிதான் இருந்தது, அதில் புழு நெளிவதை நானே கண்டேன். வாளியை எடுத்துவிட்டுக் குழாயை வாழையடிக்கு நீட்டிவிட்டோம். செம்பாட்டு மண், விழ விழக் குடித்துவிடுகிறது.