கணக்கை ஊர் நடுவுல வாசிச்சா என்ன ஆகும்?

சர்வர்ல சிக்கல்னா நான் முதல்ல லாக்கைத்தான் திறப்பேன். அரசு செலவுக்கும் லாக் இருக்கு: மஸ்டர் ரோல், பில், எம்-புக்.

1994-ல ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பு, அந்தக் கணக்குகளை ஊர் கூட்டத்துல சத்தமா வாசிச்சாங்க. வேலைக்கே போகாதவங்க பேர்ல கூலி எழுதியிருந்தது அம்பலமாச்சு. ஆடிட்டர் பார்க்கிறது கையெழுத்தை. ஊருக்கு ஆளையே தெரியுமே!

2005-ல தகவல் அறியும் உரிமைச் சட்டம் வர அந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம். அதுல நகல் மட்டுமில்ல, வேலையை நேர்ல பார்வையிடவும், போட்ட பொருள்ல சாம்பிள் எடுக்கவும் உரிமை இருக்கு. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.

உங்க தெரு ரோடு ஒரே மழைல பெயர்ந்துடுச்சா? மீம் போட்டாச்சுன்னா, அடுத்து எம்-புக் நகலைக் கேளுங்க. எத்தனை சென்டிமீட்டர் தடிமனுக்குப் பணம் கொடுத்தாங்கன்னு அதுல தெரியும்.