கரியமில வாயுவிலிருந்து பிளாஸ்டிக்: முதலில் மின்சாரக் கணக்கு!

ஆலைப் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து, மின்சாரமும் சூரிய ஒளியும் கொண்டு எரிபொருளாகவும் பிளாஸ்டிக்காகவும் மாற்றலாம் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. செய்தி பொய்யல்ல. ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி குழுவினர் 1980-களிலேயே, கரியமில வாயு கரைந்த நீரில் செம்பு மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தினால் மீத்தேனும், பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனும் கிடைப்பதைக் காட்டினார்கள். உலோகத்துக்கு உலோகம் விளைபொருள் மாறும். வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிடும். தகரமும் பிஸ்மத்தும் ஃபார்மேட் தரும். இரண்டு கார்பன் அணுக்களை இணைத்து எத்திலீனைக் கணிசமாகத் தருவது செம்புதான். ஆனால், ஆய்வகத்தில் முடிந்துவிட்டது என்பதாலேயே இது பருவநிலை மாற்றத்துக்கு மருந்தாகிவிடாது. எந்த மின்சாரத்தைக் கொண்டு எந்தப் பொருளைச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

காரணம் எளிது. கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த கார்பன். அதை மீண்டும் எரிபொருளாக்குவது சாம்பலை விறகாக்குவது போன்றது. எரிந்தபோது வெளிவந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு கிலோ எத்திலீன் செய்ய 3.1 கிலோ கரியமில வாயு தேவை. எந்த இழப்பும் இல்லாத கற்பனை இயந்திரத்துக்குக்கூட இதற்குக் குறைந்தது 13 யூனிட் மின்சாரம் வேண்டும். நிஜ இயந்திரங்கள் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கேட்கும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் அந்தக் கற்பனை இயந்திரத்தில்கூட 3 கிலோவை உட்கொள்ள 9 கிலோவை வெளியிடுகிறோம். வழக்கம்போல் பெட்ரோலிய நாப்தாவிலிருந்து எத்திலீன் எடுக்கும்போது வெளியாகும் புகை மிச்சமாகுமே என்று கேட்கலாம். அது கிலோவுக்கு ஒன்று, இரண்டு கிலோ அளவுதான். அதைச் சேர்த்தாலும் கணக்கு நேராகாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிலைமை சற்றுத் தேவலை: மூலக்கூறுக்கு எத்திலீனுக்கு 12 எலெக்ட்ரான் வேண்டும், இதற்கு இரண்டே போதும். மின்சாரம் தூய்மையாக ஆக, முதலில் லாபத்துக்கு வருவது இத்தகைய எளிய பொருள்களே.

மின்சாரமே வேண்டாம், ஒளியே நேரடியாக வேலை செய்யட்டும் என்பது அடுத்த வாதம். விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்தார்கள். 1979-ல் அதே ஆய்வு வழியில் கரியமில வாயுவும் வேறு பொருள்களாக மாற்றப்பட்டது. ஆனால், இந்த முறையில் ஒளியை உறிஞ்சுவது, மின்னூட்டங்களைப் பிரித்து வைப்பது, வினையை ஊக்குவிப்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே பொருள் செய்தாக வேண்டும். ஒன்றில் தேறுவது இன்னொன்றில் தோற்கிறது. கூரைமேல் இருக்கும் சாதாரண சோலார் பலகை ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரத்தைத் தனியான மின்பகுப்புக் கலத்துக்குக் கொடுப்பதே இன்று புத்திசாலித்தனம்.

சரி, காற்றாலைகள் தேவைக்கு மேல் தரும் மின்சாரத்தைப் பயன்படுத்தலாமே? பயன்படுத்தலாம், இதுதான் வலுவான பதில். ஆனால், உபரி மின்சாரம் ஆண்டில் சில மாதம், நாளில் சில மணி நேரம்தான் கிடைக்கும். விலையுயர்ந்த இயந்திரம் மிச்ச நேரமெல்லாம் சும்மா கிடந்தால் பொருளின் விலை ஏறும். இன்னொரு சிக்கலும் உண்டு. மின்முனையருகே உருவாகும் காரம், உள்ளே வரும் கரியமில வாயுவையே கார்பனேட்டாக்கி விழுங்குகிறது. எத்திலீன் தயாரிப்பில் இப்படி முக்கால் பங்குவரை வீணாகலாம். அமிலக் கரைசலில் வினையை நடத்தி இதைத் தவிர்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன.

கணக்கு சரிப்பட்ட இடமும் உண்டு. ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால் தயாரிக்கும் திறனுடன் ஓர் ஆலை அமைக்கப்பட்டது. நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, புவிவெப்ப மின்நிலையத்தின் கரியமில வாயுவோடு அதைச் சேர்க்கும் முறை அது. அந்த நாட்டு மின்சாரம் ஏறக்குறைய முழுக்க நீராலும் நிலத்தடி வெப்பத்தாலும் கிடைப்பதால்தான் அங்கே கணக்கு ஒத்துவந்தது. தூத்துக்குடியில் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பாக்கும் திட்டம் இன்னொரு வகை. கார்பனேட் இன்னும் தாழ்ந்த ஆற்றல் நிலையில் இருப்பதால் சாம்பலை விறகாக்கும் செலவு அதற்கு இல்லை. ஆனாலும் அந்த உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மீண்டும் வெளியேறிவிடும்.

உலகம் ஆண்டுதோறும் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. வேதிப்பொருள்களாக்கி இதைத் தீர்க்க முடியாது. நிலக்கரியை அணைப்பதற்கு உதவும் ஒவ்வொரு யூனிட் சூரிய மின்சாரமும் முதலில் அங்கேதான் போகவேண்டும். ஆனால், நிலக்கரி ஓய்ந்த பிறகும் விமானங்களுக்கு எரிபொருளும் மருந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கார்பனும் தேவைப்படும். எண்ணெய்க்கிணற்றுக்கு மாற்று அப்போது வேண்டும். அதற்கான ஆய்வை இன்றே வளர்ப்பது நியாயம், இன்றே அதைக் காட்டிப் புகைக்குப் பாவமன்னிப்பு கேட்பது அநியாயம். இனி இப்படியொரு செய்தி வரும்போது வாசகர் ஒரு கேள்வியை மட்டும் கேட்கட்டும்: ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட், அது எங்கிருந்து வருகிறது?