கறுத்தக்கொழும்பானுக்கு மணம் எப்படி வருகிறது?

வைகாசி, ஆனியில் யாழ்ப்பாணச் சந்தைகளில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவியும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். வெட்டினால் ஒன்று தேன். மற்றது சப்பென்று இருக்கும். ஏன்?

நுவரெலியா ஸ்ட்ரோபெரி பறித்தபின் மேலும் இனிக்காது. மாங்காய் அப்படியல்ல. அதற்குள் சுரக்கும் எதிலீன் வாயு, மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்களைத் தூண்டும், புளிப்பும் குறையும். ஆனால் மரத்தில் சேர்த்த மாப்பொருள்தான் முதல். அது குறைந்தால் இனிப்பும் குறையும். முற்றாத காய்க்குக் கல்சியம் காபைட் வைத்தால், ஈரம் பட்டு எழும் அசற்றலீன் தோலை மஞ்சளாக்கும். மணம் தரும் டெர்ப்பீன்களும் எசுத்தர்களும் போதியளவு உருவாகா. அந்தக் காபைட்டில் ஆசனிக் கலந்திருக்கவும் கூடும். நல்ல இனத்துக்குச் செய்யும் பெருங்கொடுமை இது.

ஆகவே நிறத்தை நம்பாதீர்கள்; இந்த இனம் பழுத்தாலும் தோலில் பச்சை தங்கும். காம்படியை முகர்ந்து பாருங்கள். காயாக வாங்கினால், காம்பைச் சுற்றித் தோள் புடைத்திருக்க வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டால் முற்றியது பெரும்பாலும் தாழும், முற்றாதது மிதக்கும். பழுக்குமுன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்: சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே பல நாள் கிடந்தால் காய் ஒழுங்காகப் பழுக்காது, மணமும் கெடும். வைக்கோலுக்குள் வையுங்கள்.