கூலியா, சன்மானமா? சொல்லெண்ணித் தரப்படும் காசு பற்றி

'கூலி' என்ற சொல்லை எழுத்தோடு சேர்த்துச் சொன்னால் நம் சிறுபத்திரிகை நண்பர்கள் பலருக்கு இன்றைக்கும் கூசுகிறது. 'சன்மானம்' என்பார்கள். அதுவும் இல்லாத இடத்தில் 'பங்களிப்பு' என்பார்கள். சன்மானம் மன்னன் புலவனுக்குத் தந்தது. தருகிறவனுக்கு மனசிருந்தால் உண்டு, குறைந்தால் ஏனென்று கேட்க முடியாது. கூலியைக் கேட்கலாம், கணக்குப் பார்க்கலாம், குறைத்தால் மறிக்கலாம். ஆகவே கூலி என்றே எழுதுகிறேன்.

விருத்தாசலம் எங்கள் ஊர். புதுமைப்பித்தனின் இயற்பெயரும் அதுதான். தினமணி, தினசரி நாளேடுகளில் உழைத்து, பிறகு சினிமாவுக்கு எழுதப் போய், 1948இல் காசநோயில் மாண்டுபோனவர். 2002இல் அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. அவருடைய கதைகளின் உத்தி பற்றி நாம் எழுதியிருக்கும் பக்கங்களையும், அந்தக் கதைகளுக்கு அவருக்குக் கிடைத்த காசு பற்றி எழுதியிருக்கும் பக்கங்களையும் தராசில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் உற்பத்தி உறவுகள் பற்றி நமக்கு ஏன் இவ்வளவு மௌனம் என்பது தனியே பேசவேண்டிய விஷயம்.

நான் இங்கே சொல்ல வருவது அந்த அளவுக்குப் பெரிய எழுத்தைப் பற்றியல்ல. மஞ்சளின் மருத்துவக் குணம், வீட்டுக்கடன் வட்டி, கொடைக்கானலில் எங்கே தங்குவது என்று இணையத்தில் தேடினால் வந்து விழுகிற கட்டுரைகளை யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். பெயர் வராது. ஏழு வருஷமாக நானும் எழுதுகிறேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். நான் தொடங்கியபோது ஓர் ஏஜென்சி கொடுத்தது ஒரு சொல்லுக்கு முப்பது பைசா. ஏஜென்சி யாரிடம் எவ்வளவு வாங்குகிறது என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த முறை புதிதல்ல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளியே வரும் களிமண்ணை நம்பி வேர்பிடித்தது இங்குள்ள பீங்கான் தொழில். பொம்மை, அகல்விளக்கு, ஃப்யூஸ் கேரியர் எல்லாம் இந்தப் பேட்டையிலிருந்து போகின்றன. பொம்மை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் களிக்குழம்பை ஊற்றி, மோல்டு தண்ணீரை உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, பொம்மையைப் பிரித்தெடுத்து, ஒட்டுக்கோட்டைச் சீவி, ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு சூளை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது எண்ணிக்கையை எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சூளைக்கு முன்னால் எண்ணினால் வெடிப்பு நஷ்டம் முதலாளிக்கு. பின்னால் எண்ணினால் தொழிலாளிக்கு. எங்கள் தெரு அக்கா ஒருத்தர் சொன்னார்: "சூளையில வெடிச்சதுக்கு நான் என்ன தம்பி பண்ணுவேன்? தீ போட்டது நானா?"

கட்டுரைக்கும் ஒரு சூளை உண்டு. அனுப்பியபின் 'கிளையன்ட்டுக்குப் பிடிக்கல' என்று ஒரு வரி வரும். காசு கிடையாது. ஆனால் அதே கட்டுரை நாலு வார்த்தை மாறி வேறெங்கோ வெளியாகியிருக்கும். உடைந்த பொம்மையை யாரும் விற்க முடியாது. நிராகரித்த கட்டுரையை விற்கலாம்.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் துண்டுக்கூலிக்கென்று ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். துண்டுக்கூலி என்பது நேரக்கூலியின் மாற்று வடிவமே என்பது அவர் வாதம். இத்தனை மணிநேர உழைப்பு என்பது இத்தனை உருப்படி என்று வேஷம் மாற்றிக்கொள்கிறது. மேஸ்திரி தேவையில்லை, ஏனென்றால் தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்கிறான். தரத்தைச் சாக்கிட்டுப் பிடித்தம் செய்யலாம். நடுவில் தரகர்கள் நுழைந்து அவரவர் பங்கைக் கடித்துக்கொள்ளலாம். ஏஜென்சி, துணை ஏஜென்சி, வாட்ஸ்அப் குழு வைத்து வேலையைப் பிரித்துத் தருகிறவர் என்று நம் சங்கிலியைப் பார்க்கிறவர்களுக்கு அந்த அத்தியாயம் பழசாகத் தோன்றாது. இன்னொரு இடத்தில் மார்க்ஸ், மில்டனையும் லைப்சிக் நகரில் பதிப்பாளர் சொற்படி புத்தகம் தயாரிக்கும் எழுத்துப் பாட்டாளியையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பட்டுப்புழு நூல் விடுவதைப் போல மில்டன் தன் இயல்பில் 'இழந்த சொர்க்கம்' எழுதினான். கைக்கு வந்த முன்பணம் ஐந்து பவுண்டு. லைப்சிக்காரனின் எழுத்து தொடக்கத்திலிருந்தே மூலதனத்துக்குக் கீழே நடக்கிறது. நம்மில் பலர் லைப்சிக்கில் வேலை பார்த்துக்கொண்டு மில்டனாகப் பேசுகிறோம்.

சரி, நியாயமான கூலி எவ்வளவு? 'சந்தை என்ன தருதோ அதுதான்' என்பது பதிலே இல்லை. பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருத்தர் மாதம் இருபதாயிரத்தில் இந்த ஊரில் குடும்பத்தை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட், இணைய இணைப்பு, கம்ப்யூட்டர் தேய்மானம் இரண்டாயிரத்து ஐநூறு. வேலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் விடுப்பு, வைப்புநிதி நமக்கு இல்லாததால் அதற்கு ஈடாக இன்னொரு இரண்டாயிரத்து ஐநூறு. ஆகமொத்தம் 25,000. மாதத்தில் 24 நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 192 மணி. ஒரு மணிக்கு ஏறக்குறைய 130 ரூபாய்.

ஆயிரம் சொல் ஆங்கிலக் கட்டுரைக்கு எனக்குப் படிக்க இரண்டு மணி, எழுத இரண்டு மணி, திருத்தத்துக்கு ஒரு மணி ஆகிறது. இதை மட்டும் கணக்கில் எடுக்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். வேலை தேடுவது, 'சேம்பிள்' எழுதித் தருவது, பில் போடுவது, 'பேமென்ட் என்னாச்சு சார்' என்று பத்து முறை கேட்பது இவையெல்லாம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதையும் சேர்த்தால் கட்டுரைக்கு ஏழரை மணி. 130ஆல் பெருக்குங்கள். ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், அதாவது சொல்லுக்கு ஒரு ரூபாய். முப்பது பைசாவில் எழுதினால் அதே ஏழரை மணிக்கு 300 ரூபாய். மணிக்கு நாற்பது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழரை மணி என்பது என் வேகம். கண் மங்கியவர், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர், சமையலை முடித்து ராத்திரி பத்து மணிக்கு உட்காரும் பெண்கள், இவர்களுக்கு? பிரிட்டனில் துண்டுக்கூலிக்காக 2004-05இல் கொண்டுவந்த விதி இதற்கு ஒரு வழி சொல்கிறது. சராசரித் தொழிலாளி மணிக்கு எத்தனை உருப்படி செய்கிறார் என்று சோதித்துப் பார்த்து, அந்த எண்ணை 1.2ஆல் வகுத்து, அதன்மேல் கூலி நிர்ணயிக்க வேண்டும். சராசரியைவிடக் கொஞ்சம் மெதுவானவருக்கும் குறைந்தபட்சக் கூலி கிடைப்பதற்கான ஏற்பாடு. நம் கணக்கில் போட்டால் ஒன்பது மணி நேரம் எடுப்பவருக்கும் மணிக்கு 130 கட்டுப்படியாகும். சொல்லுக்கு 1 ரூபாய் 17 பைசா வரும். சராசரியை யார் சோதிப்பது என்பதில் அரசியல் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. வேகமான பையன் ஒருவனை வைத்து ஏஜென்சி சோதித்தால் சராசரி எங்கோ போய்விடும்.

தமிழுக்கு வந்தால் கதையே வேறு. 'பார்த்துக்கொண்டிருந்தபோதே' என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்து சொல் வேண்டும். வேற்றுமை உருபு, கால இடைநிலை, விகுதி எல்லாம் நம் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்த அளவில் ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் போகும் விஷயம் தமிழில் எழுநூறை ஒட்டி முடிந்துவிடுகிறது. உழைப்பு அதே உழைப்பு. ஆனாலும் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லைவிடக் குறைந்த விலை போடுகிறார்கள்! உண்மையில் மேலே சொன்ன 1.17 தமிழுக்கு 1.67 ஆக வேண்டும்.

இதன் விளைவு காசோடு நிற்கவில்லை, உரைநடைக்குள் புகுந்துவிட்டது. 'பார்த்துக் கொண்டு இருந்த போதே' என்று உடைத்தால் நாலு சொல்லுக்குக் காசு. எனக்குத் தெரிந்து பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். நானும் கூசாமல் உடைத்துத்தான் அனுப்புகிறேன். இணையத் தமிழ் ஏன் இப்படித் துண்டுதுண்டாக, 'செய்ய வேண்டியது மிகவும் அவசியம் ஆகும்' என்று நீட்டி முழக்குகிறது என்று கவலைப்படும் தமிழாசிரியர்கள் இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டுக் கூலிச்சீட்டைப் பார்க்கலாம். நடை என்பதற்கும் ஒரு பொருளாதாரம் இருக்கிறது.

ஆகவே எழுத்தை எண்ணுவதே தமிழுக்குச் சரி என்று நினைக்கிறேன். ஜெர்மன் மொழியிலும் சொற்கள் நம்மைப்போல ஒட்டிக்கொண்டு நீளும்; அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சட்டமே 55 தட்டச்சுக்கு இவ்வளவு என்று கூலி வகுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 32 எழுத்தை ஒரு 'கிரந்தம்' என்று எண்ணி ஏட்டுச்சுவடிகளின் அளவு சொல்லும் வழக்கம் நம்மிடமே இருந்தது. படியெடுத்தவர்களுக்குக் கூலி கணக்கிடவும் அது உதவியது. ஏடு எழுதியவனுக்கு இருந்த அளவுகோல் கீபோர்டு தட்டுகிறவனுக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் துண்டுக்கூலிக்கும் ஒரு தளம் போட்டது. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. மற்ற மூன்று தொகுப்புச் சட்டங்களோடு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தது. ஆனால் இந்தத் தளம் 'பணியாளர்' என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறவருக்கு. பத்திரிகையாளர் என்ற வரையறை இப்போது டிஜிட்டல் ஊடகத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அங்கேயும் 'வேலையில் அமர்த்தப்பட்டவர்' என்ற நிபந்தனை வாசலில் நிற்கிறது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அட்டவணையில் 'உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவை' என்றொரு வகை இருக்கிறது என்பதைப் பல எழுத்தாளர்கள் கவனிக்கவில்லை. அத்தகைய தளங்கள் வருடாந்திர விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்குத் தரவேண்டும். தொழிலாளர்களுக்குத் தந்த தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல். நல்லது. ஆனால் அது நலநிதி. கூலி விகிதம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

'நீங்க ஃப்ரீலான்ஸ் சார், எம்ப்ளாயி இல்ல' என்கிற வாதத்தை பீடித் தொழிலாளர்கள் எப்போதோ உடைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தெம்பு தருகிறது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்று 1966 சட்டம் ஏற்றது. கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி உண்டா என்ற தகராறைத் தீர்க்கவும் அதில் இடம் வைத்தார்கள். 1973இல் சில்வர் ஜுபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், துண்டுக்கூலிக்குத் தைத்த தையல்காரர்களை, சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தபோதும், பணியாளர்கள் என்றது. தைத்தது சரியில்லை என்று நிராகரித்து மறுபடி தைக்கச் சொல்லும் உரிமை முதலாளியிடம் இருக்கிறதென்றால் அது கட்டுப்பாட்டின் அடையாளம் என்பது அங்கே எடைபோடப்பட்ட காரணங்களில் ஒன்று. 'கிளையன்ட்டுக்குப் பிடிக்கல, திருத்தி அனுப்புங்க' என்ற அந்த ஒற்றை வரியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. நம்மைத் தொழிலாளி என்று நிறுவும் சாட்சியம் அதற்குள் இருக்கலாம்.

அதுவரைக்கும் ஒரு விநோதமான வழி திறந்திருக்கிறது. தொழிலாளியாக நமக்குக் கிடைக்காத பாதுகாப்பு, 'நிறுவனமாக' வேஷம் போட்டால் கிடைக்கிறது. உத்யம் பதிவு செய்துகொண்ட ஒற்றை ஆளும் குறு சேவை நிறுவனம்தான். 2006 சட்டப்படி வாங்குபவர் 45 நாளைக்குள் காசைத் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பசித்தவனை முதலாளி என்று எழுதிக்கொண்டால்தான் சோறு என்கிற இந்தச் சொல்லாடலை எப்படிக் கட்டுடைப்பது என்று கோட்பாட்டு நண்பர்கள் யோசிக்கட்டும். இடையில் பதிவு செய்துகொள்வதில் தப்பில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு எங்களுக்கு வரும் வேலையின் பெயர் மாறியிருக்கிறது. எழுதித் தரச் சொல்வது குறைந்து, எந்திரம் எழுதியதை 'மனுஷத்தனமா மாத்துங்க' என்கிறார்கள், பாதிக் கூலிக்கு. படிக்கிற நேரமும் தகவல் சரிபார்க்கிற நேரமும் குறையவில்லை. பொய்த் தகவலைப் பிடிக்கவேண்டியிருப்பதால் கூடத்தான் செய்கிறது. இதற்குச் சொல் கணக்கும் உதவாது, எழுத்துக் கணக்கும் உதவாது. மணிக்கணக்கு ஒன்றுதான் வழி. 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள், எந்திரம் எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொல்லிக் கூலியைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது.

இங்கே விருத்தாசலம், நெய்வேலி, கடலூர் சேர்த்து ஒன்பது பேர் ஒரு விகிதத் தாளைத் தயாரித்து வைத்திருக்கிறோம். நிராகரித்தாலும் பாதிக் கூலி, ஒரு முறைக்கு மேல் திருத்தம் என்றால் தனிக் கூலி, சேம்பிளுக்கும் காசு. இதில் எல்லோரும் ஒத்துப்போனோம். தமிழுக்கு எழுத்து எண்ணுவதா சொல் எண்ணுவதா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. எழுத்தென்றால் 'கொ' ஒன்றா இரண்டா என்று கம்ப்யூட்டருக்கும் நமக்கும் கணக்கு ஒத்துவராது என்கிறார் ஒருவர். அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார் இன்னொருவர், கூலி வாங்காமல்.